லாவெண்டர் வளர்ப்பு: வேருக்குக் காற்று, கதிருக்கு வெயில்

லாவெண்டர் செடியை நீரின்றிக் காயவிட்டவர்களைக் காட்டிலும், ஊற்றி ஊற்றி அழுகவிட்டவர்களே அதிகம் இருப்பார்கள். மத்தியதரைக் கடலை ஒட்டிய வறண்ட, கல் நிறைந்த சரிவுகள் இதன் தாயகம் என்பதால், வளமான ஈரமண் இதற்கு ஒத்துவருவதில்லை.

நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் விழும் இடத்தைத் தேர்ந்தெடுக்கவும். குளிர் மிகுந்த இடங்களுக்கு 'அங்குஸ்டிஃபோலியா' இனமும், வெப்பமும் ஈரக்காற்றும் உள்ள இடங்களுக்கு இலை விளிம்பு பல் பல்லாக இருக்கும் 'டென்டாட்டா' இனமும் பொருந்தும். மண்ணின் பிஎச் (அமில-கார) அளவு 6.5 முதல் 7.5 வரை இருப்பது நல்லது. களிமண்ணாக இருந்தால் பருமணலும் சிறுசல்லியும் கலந்து, 20 முதல் 30 செ.மீ. உயரத்துக்கு மேடு அமைத்து அதன்மேல் நடவும். செடிகளுக்கிடையே 45 முதல் 60 செ.மீ. இடைவெளி விட்டால்தான் காற்று புகுந்து இலைகள் உலரும். எரு போடாமலிருப்பதே நலம். போட்டால் தழை பெருக்கும், பூவும் மணமும் குறையும்.

விதை முளைக்க இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலவேளை அதற்கு மேலும் ஆகும் என்பதால், பதியன் குச்சியே என் பரிந்துரை. பூக்காத இளந்தண்டில் 8 முதல் 10 செ.மீ. நறுக்கி, கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு, ஈரமணலில் ஊன்றி நிழலில் வைக்கவும். ஏறத்தாழ ஆறு வாரங்களில், குச்சியை மெல்ல இழுக்கும்போது அது பிடித்துக்கொண்டால் வேர்விட்டிருக்கிறது என்று பொருள்.

முதல் பருவத்தில் மட்டும் ஒழுங்காக நீர் தேவை. அப்போதும் விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டுமே அடிப்பாகத்தில் ஊற்றவும். மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடி நின்றால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது. அந்த வாட்டத்தைத் தாகமென்று எண்ணி மேலும் ஊற்றுபவர்கள் செடியை இழப்பார்கள்.

பூவின் குழல் குறுகி நீண்டிருப்பதால், நீண்ட நாக்குடைய பம்பிள் தேனீக்கள் சாதாரணத் தேனீக்களைவிட விரைவாகத் தேனை உறிஞ்சிச் செல்லும். ஒற்றைச் செடியைவிட நான்கைந்து செடிகளின் கூட்டம் அவற்றின் கண்ணில் எளிதில் படும். பூத்திருக்கும் காலத்தில் பூச்சிக்கொல்லி தெளிக்கவே கூடாது. மண எண்ணெய் பெரும்பாலும் இதழில் இல்லாமல், அதைத் தாங்கும் புல்லிவட்டத்துச் சுரப்பிகளில் இருக்கிறது. ஆகவே தேனீக்கள் வந்து முடித்த, இதழ் உதிர்ந்த கதிரிலும் மணம் எஞ்சியிருக்கும்.

பூக்கள் வாடியபின், செடியின் மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும்படி கத்தரிக்கவும். வெட்டும் இடத்துக்குக் கீழே பச்சை இலைகள் கட்டாயம் இருக்க வேண்டும். பழுப்பேறி மரமாகிவிட்ட வெறுந்தண்டுவரை வெட்டினால் அது பெரும்பாலும் மீண்டும் துளிர்க்காது.