மல மாதிரியும் சீழ் ஸ்வாபும்: சிறிய லேபில் படிப்படியாகப் பார்ப்பது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டை பக்கத்துச் சின்ன லேப்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் டி.எம்.எல்.டி. (லேப் டெக்னாலஜி டிப்ளமோ) பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். லூப்பைச் சுட்டு எடுப்பது, பிளேட்டில் கோடு இழுப்பது எல்லாம் படிப்பிலேயே பழகியிருப்பீர்கள், அதற்குள் போகவில்லை. கிருமி நம் மேசைக்கு உயிரோடு வந்து சேர வேண்டும். அதைக் கோட்டைவிட்டால் எவ்வளவு நல்ல மீடியம் வாங்கி வைத்தும் பிரயோஜனமில்லை.

முதலில் மலம். மாசி–பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாக் கூட்டம், அதை ஒட்டியே கோடை, கல்யாணப் பந்தி என்று வரிசையாக வரும். வயிற்றுப்போக்கு மாதிரிகளும் கூடவே வரும்.

1. டப்பாவைக் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்: "ஆச்சி, மெடிக்கல்ல மாத்திரை ஏதும் வாங்கிப் போட்டீகளா?" ஆன்டிபயாட்டிக் உள்ளே போய்விட்டால் கல்ச்சரில் எதுவும் வளராமல் போகலாம், அதை ரிப்போர்ட்டில் குறிக்க வேண்டும். அகன்ற வாய் டப்பா போதும். சளியோ ரத்தமோ இருந்தால் அந்த இடத்திலிருந்து எடுங்கள், ரத்தபேதி தரும் ஷிகெல்லா அங்கேதான் கிடைக்கும்.

2. 2 மணி நேரத்துக்குள் பிளேட்டில் போட்டுவிடுங்கள். முடியாது, மதுரைக்கு அனுப்ப வேண்டும் என்றால் வழியில் கிருமியை உயிரோடு வைத்திருக்கும் கேரி–பிளேர் மீடியத்தில் போடுங்கள். சும்மா டப்பாவில் வைத்தால் மலம் அமிலமாகி ஷிகெல்லா செத்துவிடும். காலரா சந்தேகம் இருந்தால் வி.ஆர். திரவமும் நல்லது. வெங்கட்ராமன், ராமகிருஷ்ணன் என்ற இருவர் 1941-இல் வெளியிட்டது அது. உப்பு, பெப்டோன், காரத்தன்மை கொண்ட நீர், அவ்வளவுதான். விலை கேட்டு யாரும் மயங்கி விழ வேண்டியதில்லை.

3. கிருமியை வளர்க்க மெக்கான்கி, எக்ஸ்.எல்.டி., காலராவுக்கு டி.சி.பி.எஸ். என மூன்று மீடியங்களில் மூன்று பிளேட். எக்ஸ்.எல்.டி.யில் சிவப்புக் காலனி, நடுவில் கருப்பு என்றால் சால்மோனெல்லா சந்தேகம். கருப்பில்லாத சிவப்பு என்றால் ஷிகெல்லா சந்தேகம். சந்தேகம் மட்டுமே! புரோட்டியஸும் கருப்பு காட்டும். அதற்கு யூரியாவை உடைக்கும் யூரியேஸ் என்சைம் உண்டு, சால்மோனெல்லாவுக்குக் கிடையாது. டி.எஸ்.ஐ. (சர்க்கரை, இரும்பு கலந்த அகார்), யூரியா, அப்புறம் ஆன்டிசீரம் என்று சோதனைகள் முடிந்த பிறகே பெயரை எழுதுங்கள்.

4. அரிசி கழுவிய நீர் போலப் போகிறதென்றால் காரப் பெப்டோன் நீரில் போட்டு 6 முதல் 8 மணி நேரம் வையுங்கள். அடியில் துழாவாதீர்கள். காலராக் கிருமியான விப்ரியோ மேலே வந்து வளரும் என்பதால் மேற்பரப்பிலிருந்துதான் லூப் எடுக்க வேண்டும். டி.சி.பி.எஸ்.ஸில் காலரா விப்ரியோ மஞ்சளாக வரும், அதே இனத்து விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ் பச்சை.

வயிற்றுப்போக்குக்கு வைடால் (டைஃபாய்டுக்கான ரத்த ஆன்டிபாடி சோதனை) கேட்டு வரும் சீட்டுகள் இன்னும் குறையவில்லை. ஒரே ஒரு வைடாலை வைத்து டைஃபாய்டு என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. காய்ச்சலின் முதல் வாரம் என்றால் ரத்தக் கல்ச்சர்தான்.

அடுத்து பால்வினைத் தொற்று. முதல் வேலை லேபுக்கு வெளியிலேயே இருக்கிறது. நம் ஊரில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும் நாலு பேரில் ஒருவராவது வந்தவருக்குப் பங்காளியாக இருப்பார். பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், டோக்கன் எண் போதும்.

ஆண்களுக்குச் சீழ் ஒழுகினால், சிறுநீர் கழித்து ஒரு மணி நேரமாவது ஆன பிறகு ஸ்வாப் எடுங்கள். சாதாரணப் பஞ்சு ஸ்வாப் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு அமிலம் கோனோரியா தரும் கோனோகாக்கஸைக் கொன்றுவிடக்கூடும். டேக்ரான் (செயற்கை இழை) ஸ்வாப் வாங்குங்கள், நான் வேறெதையும் வாங்குவதில்லை. எடுத்ததை ஃபிரிட்ஜில் வைக்கவே வைக்காதீர்கள், குளிர் அந்தக் கிருமிக்கு ஆகாது. சிறுநீர்க் கல்ச்சருக்கு ஃபிரிட்ஜ் பழகிய கை இதையும் தானாக அங்கேதான் கொண்டுபோகும்.

இனி கிராம் ஸ்டெயின், அதாவது கிருமியை ஊதா (பாசிட்டிவ்), இளஞ்சிவப்பு (நெகட்டிவ்) என்று பிரித்துக் காட்டும் சாயம். எல்லோரும் தடுமாறும் இடம் நிறம் நீக்குதல், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஸ்வாபைத் தேய்க்காமல் ஸ்லைடில் உருட்டுங்கள், தேய்த்தால் சீழ் செல்கள் உடைந்துவிடும். கிரிஸ்டல் வயலெட் 1 நிமிடம், அயோடின் 1 நிமிடம். நிறம் நீக்க அசிட்டோன் என்றால் இரண்டு மூன்று விநாடிதான், உடனே தண்ணீர். சீழ் தடிப்பாக இருந்தால் ஊதா முழுதாகப் போகாது, நெகட்டிவ் கிருமி பாசிட்டிவ் வேஷம் போடும். கூடுதலாக ஊற்றினால் நேர்மாறு. கை பழகும்வரை ஆல்கஹாலே நல்லது, நேரம் கொஞ்சம் தாராளமாகக் கிடைக்கும். கடைசியில் சாஃப்ரனின் அரை நிமிடம். சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு வழி: சீழ் செல்லின் நியூக்ளியஸைப் பாருங்கள். அது இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். ஊதாவாகவே நின்றால் அந்த இடத்தை நம்பாதீர்கள், ஸ்லைடில் மெல்லிய இடத்துக்கு நகருங்கள். அதே ஸ்லைடின் ஓரத்தில் ஸ்டாஃபைலோகாக்கஸ், ஈ.கோலி இரண்டையும் தடவி வைத்தால் கன்ட்ரோலும் ஆயிற்று.

செல்லுக்குள்ளே அவரை விதைகள் எதிரெதிரே ஒட்டியதுபோல இளஞ்சிவப்பு ஜோடிகள் தெரிந்தால், அறிகுறி உள்ள ஆணுக்குக் கோனோரியா என்று தைரியமாகச் சொல்லலாம். பெண்களுக்கு அந்தத் தைரியம் வேண்டாம். கருப்பைவாய் ஸ்மியரில் பாதி நோய் தப்பிவிடும், கல்ச்சரோ என்.ஏ.ஏ.டி.யோ (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) வேண்டும். சீழ் செல் நிறைய இருந்து ஜோடி எதுவும் இல்லையென்றால் கிளமிடியாவாக இருக்கலாம். அது கிராமில் தெரியாது.

கல்ச்சருக்குச் சாக்லேட் அகார் மீடியமோ தேயர்–மார்ட்டின் மீடியமோ போட்டு, மெழுகுவர்த்தி ஜாரில் (உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றி மூடினால் கார்பன் டை ஆக்சைடு கூடும்) ஈரப் பஞ்சோடு வைத்து 72 மணி நேரம் வரை பாருங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் கேட்காத கோனோகாக்கஸ் ஏராளம் என்பதால், மருந்து கேட்கும் சோதனைக்காகவாவது கல்ச்சர் போட வேண்டும்.

சிஃபிலிஸ் கிருமி நம் பிளேட்டில் வளராது, அதற்கு ஆர்.பி.ஆர். என்ற ரத்தச் சோதனை செய்கிறோம். மருத்துவர் பலமாகச் சந்தேகிக்கும்போது நெகட்டிவ் வந்தால் சீரத்தை நீர்த்துப் பாருங்கள். ஆன்டிபாடி மிதமிஞ்சி இருந்தால் நீர்க்காத சீரத்தில் திரள் தெரியாமல் போவதுண்டு. பாசிட்டிவ் வந்தால் சிஃபிலிஸ் கிருமிக்கே உரிய ஆன்டிபாடியைத் தேடும் டி.பி.ஹெச்.ஏ. போட்டு உறுதிசெய்யுங்கள்.

பின்சேர்க்கை: படித்துவிட்டுச் சிலர் டி.சி.பி.எஸ். கருகி வருகிறது என்று எழுதியிருந்தார்கள். அதையும் எக்ஸ்.எல்.டி.யையும் ஆட்டோகிளேவ் செய்யக்கூடாது, கொதிக்க வைத்து ஊற்றினால் போதும். புதுவயலிலிருந்து ஒருவர் ஜாரில் மெழுகுவர்த்தி அணைந்துவிடுகிறதே என்று கேட்டார். அணையத்தான் வேண்டும், மூடியைத் திறந்து மறுபடி ஏற்றாதீர்கள். இன்னொன்று: என்.ஏ.ஏ.டி.க்குச் சிறுநீர் கேட்டால் பழக்கதோஷத்தில் நடுப்பகுதியைப் பிடித்து வருகிறார்கள். அதற்கு வேண்டியது முதலில் வரும் பகுதி. டப்பா கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.