பி.எட். சேரும் முன் இந்தத் தவறுகளைச் செய்துவிடாதீர்கள்

"எந்தக் காலேஜில் பி.எட். சேரலாம்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "டிகிரியில் என்ன பாடம்?" என்பதைத்தான். தமிழ், கணிதம், இயற்பியல், வரலாறு என்றால் கவலையில்லை. வணிகவியலோ பொருளியலோ படித்தவர்கள், தமிழ்நாட்டில் முதுகலையும் முடித்திருந்தால்தான் பி.எட். சேர முடியும். பட்டத்தின் பெயர் பள்ளிப் பாடத்தின் பெயராக இல்லையென்றால், அது எந்தப் பாடத்துக்கு இணை என்று அரசாணை இருக்கிறதா எனப் பணம் கட்டும் முன்பே பாருங்கள். பலர் இதை வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு நாளில்தான் தெரிந்துகொள்கிறார்கள். அப்போது இரண்டு வருடம் போயிருக்கும்.

அடுத்தது, எனக்கு மிகவும் மனம் வலிக்கிற தவறு. "தினமும் வர வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும்" என்று சொல்லும் கல்லூரியைத் தேடிப்பிடித்துச் சேர்வது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகள்தான் பி.எட்.டை இரண்டு ஆண்டுப் படிப்பாக்கின. வகுப்புக்கு 80 சதவீத வருகை, பள்ளியில் செய்யும் பயிற்சிக்கு 90 சதவீதம். பயிற்சி மொத்தம் 20 வாரம், அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில்.

அந்த வாரங்கள்தான் ஒருவரை ஆசிரியராக்குகின்றன. ஒன்பதாம் வகுப்பில் நான் எடுத்த முதல் கணக்குப் பாடத்தைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்த வழிகாட்டி ஆசிரியை, முடிந்ததும் ஒன்றுதான் சொன்னார்: "பீரியட் முழுக்க போர்டுகிட்டதாம்மா பேசினே." பாடக்குறிப்பு அழகாக எழுதியிருந்தேன், பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே இல்லை. பயிற்சியைப் பதிவு செய்யும் ரெக்கார்டு நோட்டைக் காசு கொடுத்து எழுதி வாங்குகிறவருக்கு இதை யார் சொல்வார்கள்?

தபாலில் பி.எட். முடித்துவிடலாம் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. இக்னோ போன்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களின் பி.எட்., ஆசிரியர் பயிற்சி ஏற்கெனவே பெற்றவர்களுக்கானது. டிகிரி மட்டும் வைத்திருப்பவர் அதில் சேர முடியாது.

படித்தால் எந்த வகுப்புக்குப் போகலாம் என்பதிலும் குழப்பம் உண்டு. 1 முதல் 5 வரை நடத்த பி.எட். தகுதி ஆகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அரசுப் பள்ளியில் 6 முதல் 10 வரை நடத்தும் பட்டதாரி ஆசிரியராக, டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேற வேண்டும், அதன்பின் ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) நடத்தும் நியமனத் தேர்வும் இருக்கிறது. பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குப் போக ஆசை என்றால் முதுகலையும் தேவை.

கல்லூரிக்கு வருவோம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம், தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இரண்டும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆண்டுக்கு 100 பேரைச் சேர்க்கும் கல்லூரியில் விதிப்படி 16 முழுநேர ஆசிரியர்கள் வேண்டும். பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரு வேலைநாள் காலையில், சொல்லாமல் போய், உங்கள் பாடத்துக்கான ஆசிரியர் வந்திருக்கிறாரா என்று விசாரியுங்கள். பிறகு இரண்டாம் ஆண்டு படிக்கும் யாரையாவது வெளியே டீக்கடையில் பிடித்து, பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்குப் போனார்கள், எந்த வகுப்பு எடுத்தார்கள் என்று கேளுங்கள். நிஜமாகப் போனவர்கள் அந்தப் பிள்ளைகளின் பெயரைக்கூடச் சொல்வார்கள்.