ஆள அப்புறம் வரைங்க, மொதல்ல ரோட்டப் பாருங்க

பினாங்கு கொடிமலைய வரைஞ்சிட்டு வந்து காட்றவங்க படத்துல பாதிக்கு மேல ஒரே ஆள்தான், நமக்கு முதுகக் காட்டிக்கிட்டு நட்ட நடுவுல நிப்பாரு. எல்லாம் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக்ங்கிற ஜெர்மன் ஓவியர் 1818 வாக்குல வரைஞ்ச, பாறை உச்சியில ஒருத்தர் முதுகக் காட்டி நின்னு மூடுபனியப் பாக்குற அந்தப் படம் பண்ற வேலை. நல்ல படம்தான் லா, ஆனா அவரு உச்சியில நின்னு பாத்தத அப்படியே வரைஞ்சிட்டாருன்னு நெனைக்கிறதுதான் மொத தப்பு. சாக்சனி மலைப்பக்கம் நடையா நடந்து பாறை பாறையா ஸ்கெட்ச் போட்டு வச்சிக்கிட்டு, அப்புறம் டிரெஸ்டன்ல ஸ்டூடியோவுல உக்காந்து ஒண்ணா சேத்தது அது. நீங்க ரயில்ல ஏறி மேல போய் போன்ல ஒரு போட்டோ புடிச்சு அத காப்பி பண்ணா, படமும் ரயில்ல போன மாதிரிதான் இருக்கும்.

பெரிய தப்பு ரோட்டுல. கொடிமலைக்கு ஏறுற ஜீப் ரோட்டுக்கு ரெண்டு கோடு, கீழ அகலமா மேல ஒடுக்கமா இழுத்துட்டு முடிஞ்சிச்சின்னு விட்டுடுறாங்க, அது மலைமேல ஏணி சாத்துன மாதிரி நிக்கிது. ஏத்தத்துல போற ரோட்டோட ரெண்டு ஓரமும் கண்மட்டத்துக்கு (படத்துல உங்க கண்ணு உசரத்துல குறுக்க போற கோட்டுக்கு) மேல போய் சேர்ற மாதிரி போடணும், எறக்கம்னா கண்மட்டத்துக்குக் கீழயே. வளைவுல மரத்துக்குப் பின்னால ரோடு காணாம போயி, கொஞ்சம் மேல துண்டா மறுபடி தெரியணும், அப்பத்தான் பாக்குறவன் கண்ணும் சேந்து ஏறும்.

ஆள் சைஸும் அப்படித்தான். ஃபான் குவான்னு ஒரு சீன ஓவியர், ஆயிரம் வருசத்துக்கு முந்தி, 2 மீட்டருக்கு மேல உசரமான பட்டுல வரைஞ்ச மலைப்படம் தைப்பே மியூசியத்துல இருக்கு. வலது பக்கம் கீழ கோவேறு கழுதைங்கள ஓட்டிக்கிட்டு போறவங்கள தேடித்தான் கண்டுபிடிக்கணும், கண்டுபிடிச்ச அப்புறம்தான் மலையோட உசரமே ஒறைக்கும்.

கடலோரத்துல எஸ்பிளனேட் மாதிரி சமதரையில நின்னு வரையுறீங்கன்னா வேற கணக்கு. உங்க உசரத்து ஆள் எவ்வளவு தள்ளி நடந்தாலும் கண்ணு கடலும் வானமும் சேர்ற கோட்டுலயே இருக்கும், காலுதான் மேல ஏறிக்கிட்டே போகும். தூரம்னு தலைய எறக்குனா ஆளு குழிக்குள்ள நிக்கிறான்.

இன்னொண்ணு, நடக்குறவர நிமித்தி நிறுத்தாதீங்க. நான் வரைஞ்சதப் பாத்துட்டு தெனமும் மலையேறுற ஒரு அங்கிள் "இவரு என்ன, பஸ்ஸுக்கு நிக்கிறாரா?"ன்னு கேட்டுட்டாரு. அதுக்கப்புறம் அவரையே பாத்தேன்: ஒடம்பு முன்னால சாஞ்சு, குதிகால் தரையில படாம, ஒரு கை முட்டிமேல, கழுத்துத் துண்டு முன்னாடி தொங்கிக்கிட்டு. முகமே வேணாம், அந்தத் துண்டு தொங்குற கோணம் சரியா வந்தாலே ஆளு ஏற ஆரம்பிச்சிடுறாரு.