உப்புத்தண்ணி மீன்தொட்டி: பழைய ஃபில்டரை மாற்றுவதா, சரி பண்ணி ஓட்டுவதா?

தொட்டித் தண்ணி லேசாகக் கலங்கினாலோ, கண்ணாடியில் பாசி கூடினாலோ நம் ஆட்களுக்கு முதல் சந்தேகம் ஃபில்டர் மேல்தான். "வாங்கி நாலு வருஷம் ஆச்சு, இனிமே எங்கே இழுக்கப் போகுது" என்று கடைக்குப் போனால் கடைக்காரரும் ஒரு சைஸ் பெரிதாக எடுத்துத் தருவார், அவர் தொழில் அது. ஆனால் பழசானதால் வரும் கோளாறு குறைவுதான். அழுக்கு அடைத்துக் கிடப்பதாலும், ஒரு ஃபில்டரால் முடியாத வேலையை அதனிடம் எதிர்பார்ப்பதாலும் வருவதுதான் அதிகம். அதனால் பணத்தை எடுக்கும் முன் கீழே உள்ளதை வரிசையாகச் செய்து பாருங்கள்.

கும்பகோணம், மாயவரம், திருவாரூர், நாகை பக்கம் மூன்றடித் தொட்டியில் க்ளௌன், டாம்செல் மாதிரி நாலைந்து கடல் மீன் வைத்திருக்கும் புதியவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 190 லிட்டர். கணக்கெல்லாம் அதற்குத்தான்.

படி 1: முதலில் ஒயர்

பிளக்கைப் பிடுங்கிவிட்டு பம்ப், ஹீட்டர் இரண்டின் ஒயரையும் முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்பு, விறைப்பு, பம்ப்புக்குள் ஒயர் நுழையும் இடத்தில் பச்சைப் பொருக்கு, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் யோசிக்கவே வேண்டாம், அன்றைக்கே தூக்கிப் போடுங்கள். தண்ணியில் கை வைத்தால் சுருக்கென்று இருந்தாலும் அப்படித்தான். உப்புத்தண்ணி கரண்டை நன்றாகக் கடத்தும், இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. தொட்டிக்குப் போகும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் ஃபில்டருக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

படி 2: என்ன நோய் என்று டெஸ்ட் கிட்டிடம் கேளுங்கள்

மொத்த முடிவும் இந்தப் படியில்தான் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மீன் கழிவும் மிச்சத் தீனியும் அழுகினால் அம்மோனியா. அதை ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக்கும். கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய டப்பா), ஹேங்-ஆன் (தொட்டி விளிம்பில் தொங்குவது), ஸ்பாஞ்ச் ஃபில்டர் எல்லாமே பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடும். நைட்ரேட்டை அவை எடுப்பதில்லை. உள்ளே அழுக்கைச் சேர்த்து வைத்துக்கொண்டு அதிகமாக்கவே செய்யும்.

இப்போது உங்கள் எண்களைப் பாருங்கள். அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் மட்டும் லிட்டருக்கு 50, 60 மில்லிகிராம் என்று ஏறிக் கிடக்கிறதா? உங்கள் பழைய ஃபில்டர் அதன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது. இதற்கு இன்னும் பெரிய கேனிஸ்டர் வாங்கினால் காசுதான் போகும். தீனியைக் குறைப்பது, பஞ்சை அடிக்கடி அலசுவது, தண்ணி மாற்றுவது, அப்புறம் ஒரு நல்ல புரோட்டீன் ஸ்கிம்மர், இவைதான் மருந்து. கழிவு அழுகி அம்மோனியா ஆவதற்கு முன்பே நுரையாக்கி வெளியே தள்ளுவது ஸ்கிம்மர் மட்டும்தான். தண்ணி மாற்றும்போது ஒரு கணக்கை மறக்காதீர்கள்: 20 சதவீதம் மாற்றினால் 40 இருந்த நைட்ரேட் 32 ஆகும், அவ்வளவுதான் இறங்கும். ஒரே தடவையில் அதிசயம் நடக்காது. மீன் மட்டும் உள்ள தொட்டிக்கு 20 சுற்றி இருந்தால் எனக்குத் திருப்தி.

நாள்பட்ட தொட்டியில் அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால் கதை வேறு. பாறைக்குப் பின்னால் மீன் ஏதும் செத்துக் கிடக்கிறதா, குழாய்த் தண்ணியில் யாராவது செராமிக் ரிங்கை (ஃபில்டருக்குள் பாக்டீரியா குடியிருக்கும் மண் வளையங்கள்) கழுவினார்களா என்று பாருங்கள் (குளோரின் பட்டால் பாக்டீரியா போய்விடும்). கடைசியாக எப்போது நீண்ட நேரம் கரண்ட் போனது என்றும் யோசியுங்கள். மூடிய கேனிஸ்டரில் ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் ஆக்ஸிஜன் தீர்ந்து உள்ளே அழுகத் தொடங்கும், கரண்ட் வந்ததும் அந்த நாற்றத் தண்ணி நேராகத் தொட்டிக்குள் வரும். நீண்ட கரண்ட் கட்டுக்குப் பிறகு கேனிஸ்டரைத் திறந்து, தொட்டித் தண்ணியிலேயே அலசிவிட்டுத்தான் ஓட விட வேண்டும். இந்தக் காரணங்கள் எதுவும் இல்லை, மீனும் புதிதாக விடவில்லை, இருந்தும் அம்மோனியா நிற்கிறது என்றால் உங்கள் ஃபில்டர் நிஜமாகவே போதவில்லை.

படி 3: ஊற்றும் தண்ணியைப் பாருங்கள்

டெல்டாவில் கடல் பக்கம் போகப் போக போர் தண்ணி உவர்தான், கும்பகோணத்து ஆற்றுத் தண்ணியை நம்பி எழுதிய ஆலோசனை நாகையில் செல்லாது. வயல் சூழ்ந்த ஊர்களில் போர் தண்ணியிலேயே நைட்ரேட் இருக்கலாம். உப்பு கரைக்க ஆர்.ஓ. தண்ணி எடுத்தால் அதை டி.டி.எஸ். மீட்டரில் (தண்ணியில் கரைந்திருப்பதை அளக்கும் கருவி) பிடித்துப் பாருங்கள், எண் பழையதைவிட நன்றாக ஏறியிருந்தால் மாற்ற வேண்டியது ஆர்.ஓ. மெஷினின் மெம்பிரேன் (வடிகட்டும் சவ்வு), தொட்டி ஃபில்டர் அல்ல. வீட்டு ஆர்.ஓ. மெஷின் பலவற்றில் ருசிக்காகக் கொஞ்சம் பச்சைத் தண்ணியைக் கலக்கும் ஒரு திருகு இருக்கும், சர்வீஸ்காரரிடம் சொல்லி அதற்கு முன்னாலிருந்து ஒரு குழாய் எடுத்துக்கொள்ளுங்கள்.

தரங்கம்பாடி, பூம்புகார் போய்க் கேனில் கடல் தண்ணி பிடித்து வருபவர்களுக்கு: ஐப்பசி, கார்த்திகை மழையில் முகத்துவாரம் பக்கம் உப்பு இறங்கிவிடும், ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பை அளக்கும் கருவி) ஒப்படர்த்தி 1.023 முதல் 1.026க்குள் இருக்கிறதா என்று பார்க்காமல் ஊற்றாதீர்கள். வேதாரண்யம் உப்பைக் கரைத்து ஊற்றலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது. அது சோறு, குழம்புக்கான சோடியம் குளோரைடு, கடல் தண்ணியில் உள்ள கால்சியம், மக்னீசியம் எல்லாம் அந்த அளவில் அதில் கிடையாது.

படி 4: கழற்றி ஊறவைத்து, பக்கெட்டில் அளந்து பாருங்கள்

பம்ப்பைக் கழற்றி இம்பெல்லரை (உள்ளே காந்தத்தோடு சுழன்று தண்ணியைத் தள்ளும் சிறு விசிறி) உருவுங்கள். காந்தத்தைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு ஒட்டியிருக்கும். வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து ஒரு மணி நேரம் போட்டால் பொரிந்து விழும், மிச்சத்தைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். வினிகர் இல்லையென்றால் மளிகைக் கடை சிட்ரிக் ஆசிட் போதும். ஓ-ரிங்குக்கு (தண்ணி கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) சிலிக்கான் கிரீஸ் மட்டும். தேங்காய் எண்ணெய், வாசலின் எல்லாம் தடவாதீர்கள், வாசலினில் ரப்பர் ஊதிவிடும்.

ஸ்கிம்மர் நுரை தள்ளவில்லை என்றால் பத்துக்கு ஒன்பது தடவை காற்று இழுக்கும் மெல்லிய குழாய் வாயில் உப்பு அடைத்திருக்கும். வெதுவெதுப்பான ஆர்.ஓ. தண்ணியை அதன் வழியே உறிஞ்ச விடுங்கள். கழுவிய பிறகு நுரை பழையபடி ஏற ஓரிரு நாள் ஆகும், அதற்குள் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

எல்லாம் பூட்டியபின் வெளிக்குழாயைத் தொட்டி விளிம்பு உயரத்திலேயே பிடித்து 10 லிட்டர் பக்கெட் நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். 45 விநாடி என்றால் மணிக்கு 800 லிட்டர், ஒரு நிமிஷம் என்றால் 600. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண் உயரமே இல்லாமல் அளந்தது, அதோடு ஒப்பிட்டு வயிறு எரிய வேண்டாம். 190 லிட்டருக்கு 700, 800 வந்தால் போதும். கழுவிய பிறகும் 400 தாண்டவில்லையா, புது இம்பெல்லர் போட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

படி 5: முடிவு

இம்பெல்லர், ஓ-ரிங் கிடைக்கிற மாடல் என்றால் ரிப்பேர்தான், எனக்கு இதில் இரண்டாவது கருத்து இல்லை. ஸ்பேர் கிடைக்காத மாடல், ஃபில்டர் உடம்பில் விரிசல், புது இம்பெல்லருக்குப் பிறகும் ஓட்டம் இல்லை, அல்லது மீன் வளர்ந்து பாரம் கூடி அம்மோனியா நிற்கிறது என்றால் மாற்றுங்கள்.

வாங்குவதென்று ஆனபின் பேட்டரியில் ஓடுமா என்று கேளுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களில் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. குறைந்த வாட் டி.சி. பம்ப்பும், தனியாக ஒரு பேட்டரி ஏர் பம்ப்பும் இருப்பது இங்கே ஆடம்பரம் இல்லை.

வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து, ஃபில்டருக்குப் பதில் லைவ் ராக் (பாக்டீரியா குடியிருக்கும், கடலிலிருந்து எடுத்த பவளப்பாறைத் துண்டு) போடலாம் என்று கிளம்பாதீர்கள். பவளப்பாறை அமைக்கும் பவளங்கள் நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, அந்தத் துண்டுகளைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். செயற்கைப் பாறையே போதும், பாக்டீரியா அதிலும் குடியேறும்.

படி 6: மாற்றும் முறை

பழையதை நிறுத்திவிட்டுப் புதியதைப் போட்டால் பாக்டீரியாவும் சேர்ந்து வெளியே போய்விடும், சில நாளில் மீன் மூச்சு வாங்கும். இரண்டையும் ஒரு மாதத்துக்குக் குறையாமல் சேர்த்து ஓட்டுங்கள். இடம் இல்லையென்றால் பழைய செராமிக் ரிங்கை ஈரம் காயாமல் புதிய ஃபில்டருக்கு மாற்றுங்கள். அந்த நாட்களில் புது மீன் வேண்டாம், தீனி பாதி, ஒன்று விட்டு ஒரு நாள் அம்மோனியா டெஸ்ட். இரண்டு ஃபில்டரையும் ஒரே நாளில் கழுவக் கூடாது.

மாற்றி முடித்ததும் பழைய பம்ப் ஓடுகிற நிலையில், ஒயரும் நன்றாக இருந்தால் உப்பு கரைக்கும் டிரம்முக்கு வைத்துக்கொள்ளுங்கள்.