கோப்பு ஒன்று, திரைகள் பல: டிசைன் பிரிவில் தவிர்க்க வேண்டிய நிறத் தவறுகள்

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளின் டிசைன் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள், அதே நாற்காலிகளில் முன்பு இருந்த நாங்கள் செய்து கைவிட்ட தவறுகளை வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். திரையைத் துடைத்து வையுங்கள், வெயில் படாமல் வையுங்கள் என்பனவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரு திரையின் ப்ரொஃபைலை மற்றத் திரைகளுக்கு நகலெடுப்பது

எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் ஒரே பில்லில் வாங்கிய, ஒரே மாடல் மானிட்டர்கள் இருந்தன. திரையின் நிறத்தை அளக்கும் கருவியான கலரிமீட்டரை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, டிசைனரின் திரையை மட்டும் அளந்து, கிடைத்த ஐசிசி ப்ரொஃபைலை, அதாவது அந்தத் திரையின் நிற அளவுக் கோப்பை, பென் டிரைவில் ஏற்றி மற்ற எல்லாக் கணினிகளிலும் போட்டுவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "எல்லாம் ஒரே மாடல்தானுங்களே" என்றார்கள். அந்தப் பதிலைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

குழந்தைகள் உடுப்புக்கான டிஜிட்டல் பிரிண்ட் ஒன்றின் சாம்பல் நிறம், டிசைனரின் திரையில் சரியாகவும் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் திரையில் சற்றுப் பச்சையாகவும் தெரிந்தது. பச்சையைக் குறைக்கச் சொன்னார்கள். அந்தத் திரையைப் பார்த்தே, பச்சைக்கு எதிர் நிறமான மெஜந்தாவைக் கோப்பில் கூட்டினார்கள். திருத்திய கோப்பை அளந்த திரையில் ஒரு முறை திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. துணி இளஞ்சிவப்பு ஏறிய சாம்பலாக அச்சாகி வந்தது, ஆர்டர் கொடுத்த பையர் மறுத்தார், துணி கிலோக் கணக்கில் மூலையில் கிடந்தது. மிச்சப்படுத்தியது கருவியின் இன்னொரு நாள் வாடகை.

ப்ரொஃபைல் என்பது திரைக்குப் பூசும் மருந்தன்று. குறிப்பிட்ட ஒரு திரைக்கு இந்த எண்ணைக் கொடுத்தால் இந்த நிறம் வருகிறது என்ற அளவுக் குறிப்பு. நிற மேலாண்மை தெரிந்த மென்பொருள் அதைப் படித்து, அத்திரைக்கு ஏற்றபடி எண்களை மாற்றி அனுப்புகிறது. குறிப்பு வேறொரு திரையினுடையது என்றால், அண்ணனுக்கு எடுத்த அளவில் தம்பிக்குத் தைத்த சட்டையைப் போல, திருத்தமே பிழையாகிவிடும். ஒரே மாடலிலும் ஒவ்வொரு பேனலும் சற்று வேறுபடும்; பின்னொளி மூப்படையும்; யாராவது வெளிச்சப் பொத்தானைத் தொட்டாலே பழைய அளவு செல்லாது.

ஆகவே ஒவ்வொரு திரையையும் அரை மணி நேரம் எரியவிட்டுத் தனித்தனியே அளக்க வேண்டும். வெண்மைக்குச் சராசரிப் பகல் ஒளியைக் குறிக்கும் டி65, இடைப்பட்ட நிறங்களின் வெளிச்ச ஏற்றத்துக்குக் காமா 2.2, வெளிச்சத்துக்குச் சதுர மீட்டருக்கு 120 கேண்டெலா என எல்லாவற்றுக்கும் ஒரே இலக்கை வைக்க வேண்டும். பழைய திரை ஒன்று அந்த வெளிச்சத்தை எட்டாவிட்டால் மற்றவற்றை அதன் அளவுக்கு இறக்குங்கள். மாதம் ஒரு முறை மீண்டும் அளப்பது நல்லது.

ப்ரொஃபைல் இணைக்காத கோப்பு

1996இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி என்ற நிற வரம்பைவிட 1998இன் அடோபி ஆர்ஜிபி, குறிப்பாகப் பச்சைப் பக்கத்தில், அகன்றது. அடோபி ஆர்ஜிபியில் செய்த கோப்பை அடையாளம் இல்லாமல் அனுப்பினால் பெறுபவரின் கணினி பெரும்பாலும் அதை எஸ்ஆர்ஜிபி என்றே கொள்ளும். நிறங்கள் வெளுத்துத் தெரியும். அப்போது பலர் திரையைக் குறை சொல்லிவிட்டு வெளிச்சத்தைக் கூட்டுகிறார்கள், அது இன்னொரு தொல்லை. ப்ரொஃபைலை 'அசைன்' செய்தால் எண்கள் அப்படியே இருக்கத் தோற்றம் மாறும். 'கன்வர்ட்' செய்தால் தோற்றத்தைக் காக்க எண்கள் மாறும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இரவு ஒளி, கண் காப்பு முறை

அணைத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் படத்தில் ஷேடு ஒப்புதல்

கூடாது.

துணியைச் சன்னலோரம் பிடித்துத் திரையோடு ஒப்பிடுவது

திரையின் வெண்மை டி65 என்றால் துணியும் தர விளக்குகள் பொருத்திய பெட்டியான லைட் பாக்ஸில் டி65 விளக்கின் கீழ் இருக்க வேண்டும். காலை வெயிலும் மாலை வெயிலும் ஒன்றல்ல; அறையின் டியூப் லைட் இரண்டிலும் சேராது. டி65இல் ஒத்துப்போன இரண்டு துணிகள், ஐரோப்பியக் கடைகளில் பரவலாக இருந்த டியூப் லைட்டான டிஎல்84இன் கீழ் பிரிந்து நிற்பதும் உண்டு. அந்தச் சோதனையைத் திரையில் செய்ய முடியாது.

ஃப்ளோரசன்ட் ஷேடுகள்

பளீரென ஒளிரும் இந்த நிறங்களைத் திரையில் தேடவே வேண்டாம். அந்தச் சாயம் புற ஊதாவையும் வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருவதால், மாதிரித் துண்டான துணி ஸ்வாட்ச்சைக் கையில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.