தேளா, தேனீயா, சிலந்தியா: கடிவாயைப் பார்த்து அறிவதும் முதலுதவி செய்வதும்

கடித்த பூச்சியைத் தேடி வீட்டைப் புரட்டுவதைவிட, கடிவாயையும் கடிபட்டவரின் உடலையும் கவனிப்பதே பெரும்பாலும் விரைவில் பயன் தரும்.

முதலில் கடிவாயில் கொடுக்கு நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அநேகமாகக் கொட்டியது தேனீ. குளவியும் கதண்டும் கொடுக்கை விட்டுச் செல்லாமல் ஒருவரையே பலமுறை கொட்டக்கூடியவை. தேனீ போன பிறகும் கொடுக்கோடு ஒட்டிய நச்சுப்பை நஞ்சைச் செலுத்திக்கொண்டே இருப்பதால், நகமோ விரலோ எது முந்துகிறதோ அதைக் கொண்டு உடனே எடுத்துவிட வேண்டும்; சுரண்டுவதற்கு ஏ.டி.எம். அட்டையைத் தேடிக்கொண்டிருந்தால் நஞ்சு முழுவதும் இறங்கிவிடும். பின்னர் சோப்பு போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைத்தால் வலியும் வீக்கமும் குறையும். சுண்ணாம்பு தடவும் வழக்கம் தோலைப் புண்ணாக்குவதைத் தவிர வேறெதற்கும் உதவுவதில்லை என்பது என் கருத்து.

கொட்டிய இடத்தைவிட்டு உடலெங்கும் தடிப்பு எழுந்தாலோ, உதடும் நாக்கும் வீங்கினாலோ, மூச்சு இரைந்தாலோ, தலைசுற்றி மயக்கம் வந்தாலோ அது கடும் ஒவ்வாமை. அதற்கு உரிய மருந்து தொடையில் போடப்படும் அட்ரினலின் ஊசிதான், செட்டிரிசின் மாத்திரை அன்று. 108-ஐ அழைத்துவிட்டு, கடிபட்டவரை நடக்க விடாமல் கால்களை உயர்த்திப் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரட்டும். கதண்டுக் கூடு கலைந்து பல கொட்டுகள் வாங்கியவர், ஒவ்வாமை இல்லாவிட்டாலும், சிறுநீரகம் பாதிக்கப்படக்கூடும் என்பதால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தேளில் தோற்றம் நம்மை ஏமாற்றும். பருத்த இடுக்கிகளோடு கறுப்பாக அச்சுறுத்தும் நட்டுவாக்காலி கொட்டினால் வலிதான் மிகுதி. மெலிந்த இடுக்கியும் தடித்த வாலும் கொண்ட சிறிய செந்தேளே உயிருக்கு ஆபத்தானது. அதன் நஞ்சு உடலில் அட்ரினலின் போன்ற சுரப்புகளைப் பெருக்கெடுக்கச் செய்வதால் இரத்தக் குழாய்கள் சுருங்கி, இதயம் திணறி, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. ஆகவே வலியின் அளவை நம்பாமல், வியர்த்துக் கொட்டுகிறதா, வாந்தி வருகிறதா, கை கால் சில்லிடுகின்றனவா என்று பாருங்கள். குறிப்பாகக் குழந்தைகளுக்கு இவற்றில் ஒன்று தோன்றினாலும் தாமதிக்கக் கூடாது. மகாராஷ்டிரத்தின் மகாட் பகுதியில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், இரத்த அழுத்தத்துக்கான பிரசோசின் மாத்திரை இந்நஞ்சின் விளைவை எதிர்க்கும் என்று 1980களில் காட்டிய பிறகே செந்தேள் கடியில் இறப்பு வெகுவாகக் குறைந்தது. அம்மருந்தை மருத்துவர்தான் தர வேண்டும். கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் கடிவாயைக் கீறுவதும் கூடவே கூடாது. திருடனுக்குத் தேள் கொட்டியது போல, அடி விழுமென்று பயந்து வாய் திறக்காத பிள்ளைகளும் உண்டு. காரணமின்றி வியர்த்து அழும் குழந்தையின் கால்விரல்களைப் பார்த்துவிடுங்கள்.

பூரான் கடி எரிச்சலோடு போய்விடும்; பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர் ஒத்தடம் போதுமானது.

சிலந்தி மீது சுமத்தப்படும் பழியில் பெரும்பகுதி வேறொன்றைச் சேரும். மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வரும், எறும்பைப் போல மெலிந்து செம்மஞ்சளும் கறுப்புமாக மாறி மாறி இருக்கும் சிறுவண்டு ஒன்று உண்டு. அது கடிப்பதில்லை, உறக்கத்தில் நசுங்கினால் அதன் உடல்நீர் பட்ட இடம் ஒன்றிரண்டு நாளில் கோடு இழுத்தாற்போலச் சிவந்து கொப்பளிக்கும். மேலே ஊர்ந்தால் அடிக்காமல் ஊதிவிட்டு, பட்ட இடத்தைச் சோப்பால் கழுவுங்கள். உண்மையான சிலந்திக் கடியும் நம் பகுதியில் பெரும்பாலும் கழுவிச் சுத்தமாக வைத்தாலே ஆறும். புண் கறுத்துப் பரவினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வலியே இல்லாத இரு கடிகளைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். புதர்க்காட்டில் ஒட்டும் நுண்ணிய உண்ணிப் பூச்சியின் கடி உணரப்படுவதே இல்லை. ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வரும்போது அக்குளிலோ தொடையிடுக்கிலோ சிகரெட் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு இருந்தால், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் நன்கு கேட்கும். மற்றொன்று, தரையில் படுத்திருந்தவருக்கு இரவில் ஏற்படும், எதுவென்று தெரியாத கடி. கட்டுவிரியன் பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம் என்பதால், வயிற்றுவலி வந்தாலோ இமை தளர்ந்தாலோ பூச்சிக்கடி என்று விடியும்வரை காத்திராமல், பாம்பு நஞ்சுக்கு எதிர்மருந்து உள்ள மருத்துவமனைக்கு அப்போதே கொண்டு செல்லுங்கள்.