புல்மேட்டில் ரெட்ஃபிஷ்: செப்டம்பர் ஓதத்தில் ஃப்ளை தூண்டில் போடும் முறை

அமெரிக்காவின் தென் கரோலினா, ஜார்ஜியா கடலோரச் சதுப்புகளில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் கடல்மட்டம் ஆண்டிலேயே உயரமாக நிற்கும். அமாவாசை, பௌர்ணமி ஓதமும் (கடல் ஏற்றமும்) சேர்ந்துகொண்டால், மற்ற நாட்களில் காய்ந்து கிடக்கும் ஸ்பார்ட்டினா புல்மேடுகள் முழங்கால் அளவு நீரில் மூழ்கும். புல்லடியில் வளை தோண்டி வாழும் ஃபிட்லர் நண்டுகளைத் தின்ன ரெட்ஃபிஷ் உள்ளே ஏறி வரும். கத்தாளைக் குடும்பத்து மீன். வாலடியில் கறுப்புப் பொட்டு இருக்கும். தலையைக் கவிழ்த்துத் தரையைக் கிளறும்போது வால் நீருக்கு மேலே ஆடும். அந்த வாலைப் பார்த்துத்தான் ஃப்ளையை, அதாவது முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செய்த செயற்கை இரையை, எறிய வேண்டும்.

எறிவதைவிட நாள் பார்ப்பதுதான் பெரிய வேலை. சார்ல்ஸ்டன் துறைமுக ஓத அட்டவணையில் உயர் ஓதம் 6 அடியைத் தாண்டும் நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அட்டவணை காற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. வடகிழக்குக் காற்று விடாமல் வீசினால் நீர் கூடுதலாக ஏறும். மேற்கிலிருந்து வீசினால் 6.2 அடி என்று போட்டிருந்தாலும் மேடு சரியாக நனையாமல் போகலாம். அமெரிக்கக் கடல், வளிமண்டல நிறுவனமான நோவாவின் இணையதளத்தில் கணித்த மட்டமும் அப்போது பதிவாகும் மட்டமும் ஒரே வரைபடத்தில் கிடைக்கும். கிளம்பும் முன் இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். கழிமுகத்திலிருந்து உள்ளே போகப் போக ஓதம் தாமதமாக வரும் என்பதையும் மறக்கக்கூடாது.

அமாவாசை, பௌர்ணமி நாட்களில் அங்கே உயர் ஓதம் காலையிலும் மாலையிலும் 8 மணியை ஒட்டி வரும். செப்டம்பரில் சூரியன் 7.30 வாக்கில் மறைந்துவிடுவதால் மாலையில் வெளிச்சம் போதாது. ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். எனவே ஓரிரு நாள் முன்னதாக, நீரும் போதுமான உயரத்தில் இருந்தால், அந்த மாலையே எங்கள் தேர்வு. உச்சத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இடத்தில் நில்லுங்கள்.

இடத்தை வற்றிய நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டும். புல் குட்டையாக, இடைவெளி விட்டு முளைத்திருக்கும். தரை மணல் கலந்து கெட்டியாக இருக்கும். நண்டு வளைகள் நிறைய தெரியும். ஓடைக்கரையில் நெடிதாக வளர்ந்த புல் இருந்தால் அடியில் பெரும்பாலும் சேறுதான், கால் புதையும். மேட்டுக்குள் நீர் முதலில் நுழையும் சிறு வாய்க்காலைக் கண்டுவைத்தால் மீன் வரும் வழியும் தெரிந்துவிடும்.

9 அடி நீள 8 வெயிட் ராடு (8 என்பது அது எறியும் லைனின் எடை எண்), மிதக்கும் லைன், அதன் முனையில் கட்டும் 9 அடி லீடர் எனும் மெல்லிய இழை போதும். லீடரின் நுனி 20 பவுண்டு தாங்கும் ஃப்ளோரோகார்பன் இழையாக இருக்கட்டும். தெளிந்த நீருக்கு மெல்லிய நுனி நல்லது என்பார்கள். புல்லுக்குள் அது அறுந்துதான் போகும். ஃப்ளை 2 அல்லது 1ஆம் எண் முள்ளில் கட்டிய நண்டு வடிவம்: கறுப்பும் ஊதாவும், அல்லது மணல் நிறம். எடைக்கு ஃப்ளையில் கண்களாகக் கட்டும் மணிச்சங்கிலி மணிகள் சரி. ஈயக் கண் சொத்தென்று விழுந்து மீனை விரட்டும்; எடையே இல்லாவிட்டால் ஃப்ளை புல்தண்டில் தொங்கி நிற்கும். முள்முனைக்கு முன்னால் புல் மாட்டாமல் தடுக்கும் நைலான் காப்பு கட்டாயம். அதை விரலால் அழுத்தினால் மடங்க வேண்டும். விறைப்பாக இருந்தால் மீன் கடித்தாலும் முள் ஏறாது.

30 முதல் 40 அடித் தூரத்துக்குள் நெருங்கி எறியுங்கள். வால் மேலே ஆடும் மீனுக்குத் தூரத்தில் கிடப்பது தெரியாது; தலையிலிருந்து ஓர் அடிக்குள் ஃப்ளை விழ வேண்டும். நகரும் மீனுக்கு இரண்டு மூன்று அடி முன்னால் போட்டு, அது நெருங்கியதும் விரலளவு இழுத்து நிறுத்துங்கள். ஃப்ளை மீனை நோக்கி வருகிற மாதிரி இழுக்கவே கூடாது. எந்த நண்டும் தன்னைத் தின்ன வருவதை நோக்கி ஓடாது. மீன் மிரண்டு ஓடிவிடும்.

மீன்கள் அதிகம் தப்புவது இதற்குப் பிறகுதான். டிரவுட் பிடித்துப் பழகியவர்கள் கடித்தவுடன் ராடைத் தூக்குவார்கள். ஃப்ளை வாயிலிருந்து நழுவிவிடும். ராடு நுனியை நீரை ஒட்டித் தாழ்த்தியே வைத்து, இடக்கையால் லைனை நீளமாக, அழுத்தி இழுங்கள். எதிர்ப்பு கனத்த பிறகு ராடை உயர்த்தி, லைன் புல்லுக்கு மேலே நிற்கும்படி பிடியுங்கள். மீன் தண்டுகளைச் சுற்றிக்கொண்டால் இழுக்காமல் நடந்து போய்க் கையால் விடுவியுங்கள்.

செப்டம்பர் நீர் வெதுவெதுப்பானது, ஆக்சிஜன் குறைவு. அதனால் சீக்கிரம் கரை சேர்த்து, நனைந்த கையால் பிடித்து, நீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றுங்கள்; முள்ளின் எதிர்க்கொக்கியை முன்பே நசுக்கி வைத்தால் எளிது. எடுத்துப்போவதானால் மாநில இயற்கை வளத் துறையின் அந்த ஆண்டு நீள வரம்பையும் எண்ணிக்கையையும் பாருங்கள். 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு உவர்நீர் மீன்பிடி உரிமமும் தேவை.

அடி கெட்டியான காலணி போடுங்கள், சிப்பி விளிம்பு கத்தியாக அறுக்கும். திருக்கை இருக்கலாம்; காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடங்கள். இடி கேட்டால் உடனே வெளியேறுங்கள். அந்த வெட்டவெளியில் உயரமாக நிற்பது உங்கள் ராடுதான். கயாக்கில் வந்தவர்கள் நீர் இறங்கத் தொடங்கியதுமே ஓடைக்குத் திரும்ப வேண்டும். தாமதித்தால் அடுத்த ஓதம் வரை மேட்டிலேயே கிடக்க நேரும்.